கட்டண இணையப் பட்டியல்கள்: கீழ் கோத்தகிரித் தங்கும் வீடு ஒன்றின் கணக்கு

இணைய அடைவு என்பது தொழில் நிறுவனங்களையோ இணையதளங்களையோ பொருள்வாரியாகவும் ஊர்வாரியாகவும் பிரித்து அடுக்கி வைத்திருக்கும் தளம் ஆகும். முன்பு தொலைபேசி வைத்திருந்த வீடுகளுக்கும் கடைகளுக்கும் அச்சில் வந்த மஞ்சள் பக்கங்களின் இணைய வடிவம் என்று இதைச் சொல்லலாம். பெரும்பாலான அடைவுகளில் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை இலவசமாகவே பதியலாம். பட்டியலின் மேல்வரிசையில் இடம், கூடுதல் படங்கள், 'சரிபார்க்கப்பட்டது' என்ற முத்திரை, வாடிக்கையாளர்களின் விசாரணைகளைத் திரட்டி அனுப்புவது போன்றவற்றுக்குத்தான் பணம் கேட்கப்படுகிறது. இப்படிப் பணம் செலுத்திப் பெறும் இடமே கட்டணப் பட்டியல் எனப்படுகிறது.

இந்தப் பணம் திரும்பி வருமா என்ற கேள்வி பெருநகரக் கடைக்காரரைவிடச் சிற்றூர்த் தொழில்முனைவோரையே அதிகம் குழப்புகிறது. நீலகிரி மாவட்டம் கோத்தகிரி வட்டத்தில் உள்ள கீழ் கோத்தகிரி அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தேயிலைத் தோட்டங்களும் படுகர், இருளர் ஊர்களும் சூழ்ந்த மலைப்பகுதி இது. உதகை, குன்னூர் அளவுக்குச் சுற்றுலாப் பயணிகள் வருவதில்லை. கோத்தகிரியைச் சுற்றிக் கோடநாடு காட்சிமுனை, கேத்தரின் அருவி, 2024இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்ட லாங்வுட் சோலை, கன்னேரிமுக்கில் ஜான் சல்லிவனின் நினைவு இல்லம் ஆகியவை இருப்பதால், கூட்டம் வேண்டாம் என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கம் ஒதுங்குகிறார்கள். அவர்களை நம்பி வீட்டின் இரண்டு மூன்று அறைகளைத் தங்குவதற்கு விடுபவர்களுக்கு அடைவு நிறுவனங்களின் விற்பனைப் பிரதிநிதிகளிடமிருந்து அழைப்பு வருவது இயல்பே.

அடைவுகளுக்கு ஒரு காலத்தில் இருந்த மதிப்பு

அடைவுக்குப் பணம் கட்டினால் தேடுபொறியில் மேலே வரலாம் என்ற நம்பிக்கை இன்னும் பலரிடம் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

1994இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களான ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபைலோவும் தங்களுக்குப் பிடித்த தளங்களை வகைப்படுத்தித் தொடங்கிய பட்டியலே யாகூ ஆனது. அப்போது இணையத்தில் ஒன்றைத் தேடுவது என்றால், வகையைத் திறந்து, அதற்குள் உட்பிரிவைத் திறந்து செல்வதுதான் பலருக்கும் பழக்கமான வழி. ஆகவே யாகூ அடைவில் இடம் கிடைப்பது வணிகத்துக்குப் பெரிய வரவாக இருந்தது. பின்னர் வணிகத் தளங்களைப் பரிசீலிக்க அந்த நிறுவனம் கட்டணம் விதித்தது. அது ஆண்டுக்கு 299 டாலர் வரை சென்றது. அதற்கு மாற்றாக 1998இல் தன்னார்வலர்களைக் கொண்டு தொடங்கப்பட்ட டிமாஸ் எனப்படும் திறந்த அடைவுத் திட்டம் யாரிடமும் கட்டணம் வாங்கவில்லை.

கூகுள் வந்தபின் அடைவின் பயன் வேறு வடிவம் எடுத்தது. ஒரு தளத்தைச் சுட்டும் இணைப்புகளை வைத்து அதன் மதிப்பைக் கணிக்கும் முறையைக் கூகுள் பயன்படுத்தியதால், அடைவில் யாரும் நம் பெயரைப் பார்க்காவிட்டாலும் அங்கிருந்து வரும் இணைப்பே தரவரிசையை உயர்த்தும் என்ற நிலை உருவானது. இதைக் கண்டு, வாசகர்களே இல்லாத அடைவுகள் ஆயிரக்கணக்கில் முளைத்தன. அவை விற்றது வெறும் இணைப்பை.

தேடுபொறிகள் அந்தக் கதவை மெல்ல மூடின. 2005இல் 'இந்த இணைப்பைப் பின்தொடர வேண்டாம்' என்று தேடுபொறிக்குச் சொல்லும் நோஃபாலோ குறி அறிமுகமானது. 2012 ஏப்ரலில் வந்த பெங்குவின் மாற்றம், செயற்கையாகச் சேர்த்த இணைப்புகளைக் கொண்ட தளங்களைக் கீழே தள்ளியது. கட்டணம் பெற்றுத் தரும் இணைப்புகளுக்கென்றே ஸ்பான்சர்ட் என்ற தனிக்குறியை 2019இல் கூகுள் அறிவித்தது. தரவரிசைக்காக இணைப்புகளை விலைக்கு வாங்குவதும், தரமற்ற அடைவுகளிலிருந்து இணைப்புகளைச் சேர்ப்பதும் அதன் விதிகளுக்கு எதிரானவை. யாகூ அடைவு 2014 டிசம்பரில் மூடப்பட்டது. டிமாஸ் 2017 மார்ச் 17 அன்று நிறுத்தப்பட்டது.

எனவே 'எங்கள் அடைவில் சேர்ந்தால் கூகுளில் முதலிடம்' என்று ஒரு பிரதிநிதி சொன்னால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். இன்று ஒரு கட்டணப் பட்டியலுக்கு மதிப்பு இருக்கிறது என்றால், அது அந்த அடைவுக்கே நேராக வந்து தேடும் மக்களால் மட்டுமே.

இந்திய அடைவுகள் எதை விற்கின்றன

இந்தியாவில் அப்படி மக்கள் நேராகத் தேடி வரும் அடைவுகள் உண்டு. 1996இல் மும்பையில் வி.எஸ்.எஸ். மணி தொடங்கிய ஜஸ்ட் டயல், தொலைபேசியில் அழைத்துக் கேட்டால் கடை எண்களைச் சொல்லும் சேவையாக அறிமுகமாகிப் பின்னர் இணையத்துக்கு வந்தது. 2021இல் அதன் பெரும்பங்கை ரிலையன்ஸ் ரீடெய்ல் வாங்கியது. அதே 1996இல் தொடங்கிய இந்தியாமார்ட், மொத்த வணிகர்களையும் உற்பத்தியாளர்களையும் சேர்த்து வைக்கும் தளம்.

இவற்றில் எத்தனை பேர் பணம் கட்டுகிறார்கள் என்று பார்ப்பது பயனுள்ளது. 2024 நிலவரப்படி ஜஸ்ட் டயலில் 4 கோடிக்கும் மேற்பட்ட பட்டியல்கள் இருந்தன. கட்டண விளம்பரங்கள் 6 லட்சத்துக்கும் குறைவு. இந்தியாமார்ட்டில் ஏறத்தாழ 80 லட்சம் விற்பனையாளர்கள் இருக்க, கட்டணச் சந்தாதாரர்கள் 2 லட்சத்துக்குச் சற்று மேல். அதாவது, நூற்றில் தொண்ணூற்றேழு பேருக்குமேல் இலவச இடத்திலேயே இருக்கிறார்கள். இலவசமாக இருப்பவர் எல்லோரும் புத்திசாலிகள் என்றோ, கட்டணம் செலுத்துபவர்கள் ஏமாளிகள் என்றோ இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பணம் கட்டாவிட்டால் தொழிலே நடக்காது என்ற பேச்சு மிகை என்பதை மட்டும் இந்த எண்கள் காட்டுகின்றன.

வாங்குபவர் கவனிக்க வேண்டிய இன்னொன்று, விசாரணை பகிரப்படும் முறை. ஒருவர் அடைவில் 'கோத்தகிரியில் அறை வேண்டும்' என்று பதிந்தால், அந்தச் செய்தி ஒரே நேரத்தில் பல விடுதிகளுக்குப் போகும் வழக்கம் உண்டு. முதலில் திரும்ப அழைப்பவருக்கே பெரும்பாலும் வாய்ப்பு. கைப்பேசிச் சமிக்ஞை விட்டுவிட்டு வரும் சரிவுகளில் இருப்பவருக்கு இது பாதகமான போட்டி. தேயிலை பறிக்கும் இடத்தில் நிற்கும்போது வந்த அழைப்பைச் சாயங்காலம் பார்த்துத் திரும்ப அழைத்தால், அதற்குள் விருந்தினர் குன்னூரில் அறை எடுத்திருப்பார்.

ஒரு கணக்கு

கீழ் கோத்தகிரியில் மூன்று அறைகள் கொண்ட ஒரு தங்கும் வீட்டை எடுத்துக்கொள்வோம். இங்கே வரும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக வைத்துக்கொண்டவை. அவரவர் தொகையை இட்டுப் பார்க்க வேண்டும்.

ஆண்டுக் கட்டணம் 18,000 ரூபாய். அதன்மேல் 18 சதவீதச் சரக்கு சேவை வரி 3,240 ரூபாய். மொத்தம் 21,240 ரூபாய். சிறிய தங்கும் வீடுகள் பலவும் இந்த வரிக்குப் பதிவு செய்யாதவை என்பதால் இந்த 3,240 ரூபாயை உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெற முடியாது. பிரதிநிதிகள் பெரும்பாலும் வரியைச் சேர்க்காமலேயே விலை சொல்வார்கள்.

அறை வாடகை ஓர் இரவுக்கு 2,500 ரூபாய். காலை உணவு, துணி வெளுப்பு, வெந்நீருக்கான செலவு, உதவியாளர் கூலி ஆகியவை 900 ரூபாய் என்றால் மிஞ்சுவது 1,600 ரூபாய். ஒரு குடும்பம் சராசரியாக இரண்டு இரவு தங்கினால் ஒரு முன்பதிவில் 3,200 ரூபாய் நிற்கும். 21,240ஐ 3,200ஆல் வகுத்தால் 6.6. ஆக, அடைவு வழியாக ஆண்டுக்கு ஏழு முன்பதிவுகள் வந்தால்தான் போட்ட பணம் மீளும்.

ஏழுதானே என்று தோன்றும். பன்னிரண்டு விசாரணைகளில் ஒன்று முன்பதிவாக மாறினால், ஏழு முன்பதிவுகளுக்கு 84 விசாரணைகள் தேவை. ஆண்டுக் கட்டணம் பன்னிரண்டு மாதத்துக்கும் உரியது. விருந்தினர் வரவு அப்படியல்ல. ஏப்ரல், மே மாதங்கள் முதல் பருவம். செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் பருவம். நீலகிரியின் கிழக்குச் சரிவில் இருப்பதால் கோத்தகிரிப் பகுதிக்கு வடகிழக்குப் பருவமழை பலமாக இருக்கும். நவம்பரில் மண்சரிவுச் செய்தி ஒன்று வந்தாலே முன்பதிவுகள் ரத்தாகும். மேலும் மே மாத வார இறுதிகளில் மூன்று அறைகளும் எப்படியும் நிறைந்துவிடும். அந்த நாட்களுக்கு அடைவு அனுப்பும் விசாரணை எத்தனை வந்தாலும் இடம் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். காலியாகக் கிடக்கும் ஜூலைச் செவ்வாய்க்கிழமைக்கு ஆள் அனுப்பினால்தான் அடைவு தன் கூலியைச் சம்பாதித்ததாகக் கொள்ள முடியும்.

மாற்று வழியோடும் ஒப்பிட வேண்டும். அறை முன்பதிவுத் தளங்கள் முன்பணம் வாங்குவதில்லை. அறை விற்றால் தரகு எடுத்துக்கொள்கின்றன. தரகு 18 சதவீதம் என்று வைத்தால், 5,000 ரூபாய் முன்பதிவுக்கு 900 ரூபாய், அதன்மேல் வரி 162 ரூபாய், மொத்தம் 1,062 ரூபாய் போகும். கையில் 2,138 ரூபாய் நிற்கும். 21,240ஐ 1,062ஆல் வகுத்தால் சரியாக 20 வருகிறது. இருபது முன்பதிவு வரை தரகு முறையே மலிவு. அதற்குமேல் அடைவு தருமானால் மட்டுமே ஆண்டுக் கட்டணம் லாபம். ஏழு என்ற எண்ணை மட்டும் பார்த்துக் கையெழுத்திடுபவர்கள் இந்த இருபதைப் பார்ப்பதில்லை. தரகு முறையில் ஆள் வராவிட்டால் இழப்பும் இல்லை என்பது சிறு முதலாளிக்குப் பெரிய பாதுகாப்பு.

எந்தப் பெயரில் தேடுகிறார்கள்

சென்னையிலிருந்தோ பெங்களூருவிலிருந்தோ வருபவர் 'கீழ் கோத்தகிரி' என்று தேடுவது அரிது. 'கோத்தகிரி' என்றோ, அதைவிட அதிகமாக 'ஊட்டி' என்றோதான் தேடுகிறார். கீழ் என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் 'கில்', 'கீல்', 'கீழ்' என மூன்று நான்கு விதமாக எழுதுவதால், ஊரைத் தெரிந்தவர்கூட ஒரே பக்கத்துக்கு வந்து சேர்வதில்லை.

இதில் கட்டணப் பட்டியலைப் பற்றிய ஒரு முக்கியமான உண்மை இருக்கிறது. மேல்வரிசை இடத்துக்கு மதிப்பு வருவது, கீழே நீண்ட வரிசை இருக்கும்போதுதான். உதகை விடுதிகள் என்ற வகையில் நூற்றுக்கணக்கானவை இருக்கின்றன. அங்கே பணம் கட்டாதவர் பத்தாம் பக்கத்தில் மறைந்துவிடலாம். கீழ் கோத்தகிரி என்ற வகையில் விரல்விட்டு எண்ணும் அளவே இருக்கும். தேடுபவர் ஒரே திரையில் எல்லாவற்றையும் பார்த்துவிடுவார். அங்கே முதலிடத்துக்குப் பணம் கட்டுவது வீண்.

சரி, உதகை வகையிலேயே சேர்ந்துகொள்ளலாமே என்று பிரதிநிதி சொல்வார். கோத்தகிரியிலிருந்து உதகைக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் மலைச்சாலை. கீழ் கோத்தகிரி அதற்கும் அப்பால். தாவரவியல் பூங்காவுக்கு நடந்து போகும் தூரத்தில் அறை கேட்பவர், தூரத்தைக் கேட்டதும் அழைப்பைத் துண்டிப்பார். அந்த அழைப்பும் அடைவின் கணக்கில் ஒரு விசாரணையாகவே சேரும். பணம் கட்டியே ஆக வேண்டும் என்றால் கோத்தகிரி என்ற வகையே பொருத்தம்.

2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வெளியூர் வாகனங்கள் வர, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் எடுக்க வேண்டியுள்ளது. மலையேறிய பிறகு அறை தேடிக்கொள்ளலாம் என்று கிளம்பிய பழக்கம் இதனால் குறைந்து, வீட்டில் இருந்தபடியே தங்குமிடத்தை முடிவு செய்யும் பழக்கம் கூடுகிறது. இது இணையத்தில் தென்படுவதன் தேவையைக் கூட்டியிருக்கிறது என்பது உண்மை. ஆனால் தென்படுவதற்கான முதல் இடம் கூகுள் வரைபடம். அங்கே தொழில் விவரப் பக்கம் திறப்பது இலவசம்.

மலைப்பகுதியில் இந்த இலவசப் பக்கத்தைச் சரியாக வைத்திருப்பதே பாதி வேலை. கதவு எண் இல்லாத வீடுகள், ஒரே எஸ்டேட் பெயரில் இரண்டு மூன்று பிரிவுகள், வரைபடத்தில் சாலைபோலத் தெரிந்தாலும் ஜீப்பைத் தவிர வேறு எதுவும் இறங்க முடியாத தோட்டப் பாதைகள் என இங்கே சிக்கல்கள் பல. குறியை வாசலில் குத்தாமல் அஞ்சலக வட்டாரத்தின் நடுவில் விட்டிருந்தால், இருட்டிய பிறகு வரும் காரின் ஓட்டுநர் தேயிலைக் காட்டுக்குள் நிற்பார். அந்த இரவைப் பற்றி அவர் எழுதும் ஒற்றை நட்சத்திர விமர்சனத்தை எந்தக் கட்டணப் பட்டியலாலும் சரிக்கட்ட முடியாது. குறியைத் திருத்துவது, மழைக்காலத்தில் எந்தப் பாதை நல்லது என்று எழுதுவது, ஊர்ப் பெயரின் எல்லா எழுத்து வடிவங்களையும் விவரத்தில் சேர்ப்பது, தங்கிச் சென்றவர்களிடம் விமர்சனம் எழுதச் சொல்வது ஆகிய நான்குக்கும் ஒரு பிற்பகல் போதும். நடுவண் சுற்றுலா அமைச்சகத்தின் நிதி என்ற தங்குமிடத் தரவுத்தளத்திலும் பதியலாம்.

உரிமம் பற்றியும் ஒரு சொல். நீலகிரியில் அனுமதியற்ற விடுதிகள்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டே வந்திருக்கிறது. உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் 2018இல் யானை வழித்தடத்தில் இருந்த விடுதிகளுக்கு முத்திரை வைக்கப்பட்டதை மாவட்டமே அறியும். உள்ளாட்சி அனுமதி முடியாத வீட்டுக்குப் பணம் கொடுத்து விளம்பரம் தேடுவது முறையான செலவு வரிசை ஆகாது.

தேயிலை விற்பவர்களுக்கு

கீழ் கோத்தகிரியின் சிறு தேயிலை விவசாயி பசுந்தேயிலையைத் தனியார் ஆலைக்கோ, இண்ட்கோசர்வ் கூட்டமைப்பின் கூட்டுறவு ஆலைக்கோ கொடுப்பவர். அவருடைய விலையை எந்த அடைவும் மாற்றாது. சொந்தமாகத் தேயிலை தயாரித்துப் பொட்டலமிட்டு விற்பவருக்கு மொத்த வணிக அடைவு உதவலாம். ஒரே ஓர் ஓட்டல்காரர் மாதம் 20 கிலோ வாங்கத் தொடங்கினாலே ஆண்டுக் கட்டணம் மீண்டுவிடக்கூடும் என்பதால் அங்கே கணக்கு வேறு. எனினும் மொத்த அடைவில் வருபவர்கள் முதலில் கேட்பது கிலோ விலையை. கைப்பட உருட்டிய தேயிலையைத் தூள் தேயிலை விலையோடு ஒப்பிடுபவரிடம் பேசி நேரம் போகும். அடிப்படைத் திட்டங்களில் சேர்பவர்களில் கணிசமானோர் விரைவில் விலகிவிடுகிறார்கள் என்பதை இந்தியாமார்ட் நிறுவனமே தன் முதலீட்டாளர்களிடம் பேசிவந்திருக்கிறது.

பணம் கட்டுவதற்கு முன்னும் பின்னும்

ஓர் அடைவுக்கு உண்மையில் ஆட்கள் வருகிறார்களா என்பதைக் காசில்லாமலே ஓரளவு அறியலாம். உலாவியில் மறைமுகச் சாளரத்தைத் திறந்து, 'கோத்தகிரியில் தங்குமிடம்' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடிப் பார்க்க வேண்டும். அடைவின் கோத்தகிரிப் பக்கம் முதல் பக்கத்திலேயே தென்பட்டால், அதற்கு வாசகர்கள் இருக்கிறார்கள். பிறகு அந்தப் பக்கத்தில் உள்ள எண்களில் நாலைந்தை அழைக்க வேண்டும். பாதி எண்கள் செயலிழந்தவை என்றால் அடைவைப் பராமரிப்பவர் இல்லை. மேல்வரிசையில் பணம் கட்டி நிற்கும் குன்னூர் விடுதிக்காரரையே கேட்டாலும் பலர் மறைக்காமல் சொல்வார்கள். போட்டியாளர் என்றாலும் மலையில் எல்லோரும் எங்காவது ஒரு திருமணத்தில் சந்திப்பவர்கள்தானே.

சேர்ந்த பிறகு அளப்பதற்குத் தனிச் சிம் அட்டை ஒன்றே போதும். அடைவில் அந்த எண்ணை மட்டும் கொடுத்தால், அதில் ஒலிக்கும் ஒவ்வொரு அழைப்பும் அடைவினுடையது. ஆனால் அழைப்பவர் ஊரைத் தேடி வந்தவரா, வீட்டின் பெயரைத் தேடி வந்தவரா என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். போன ஆண்டு தங்கிவிட்டு எண்ணைத் தொலைத்தவர், வீட்டின் பெயரைத் தட்டி அடைவில் எண்ணைக் கண்டெடுத்து அழைப்பார். அடைவு அறிக்கையில் அது ஒரு வெற்றி. உண்மையில் அவர் இலவசப் பட்டியல் வழியாகவும் வந்திருப்பார். ஏழு என்றும் இருபது என்றும் மேலே போட்ட கணக்கில் இப்படிப்பட்டவர்களைச் சேர்க்கக் கூடாது. 'உங்கள் பக்கத்தை இத்தனை ஆயிரம் பேர் பார்த்தார்கள்' என்ற மாத அறிக்கையையும் சேர்க்க வேண்டியதில்லை.

ஒப்பந்தத்தில் மூன்று இடங்களை நிதானமாகப் படிக்க வேண்டும். முதலாவது, மாதத் தவணை வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் நாச் ஒப்புதல். அதை எப்போது, எப்படி நிறுத்தலாம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது, ஆண்டு முடிவில் தானே புதுப்பித்துக்கொள்ளும் விதி. மூன்றாவது, எண் யாருடையது என்பது. சில தளங்கள் உரிமையாளரின் எண்ணை மறைத்து இடைநிலை எண் ஒன்றைக் காட்டுகின்றன. சந்தா முடிந்ததும் அந்த எண் வேறொருவருக்கோ வெறுமைக்கோ போய்விடும். அதைத் தன் பலகையிலோ அட்டையிலோ அச்சிட்டவர் மறுபடியும் அச்சிட வேண்டியதுதான்.

சேராமலே பணம் கேட்கும் அடைவுகளும் உண்டு. 'உங்கள் விவரத்தைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டு அனுப்புங்கள்' என்று இலவசச் சேவைபோல வரும் படிவத்தின் அடியில், பொடி எழுத்தில் பல ஆண்டுக் கட்டண ஒப்பந்தம் இருக்கும். ஐரோப்பாவில் இந்த வகை ஏமாற்று நூற்றுக்கணக்கான சிறு வணிகர்களை முறையிட வைத்து, 2008 டிசம்பர் 16 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றமே தனித்தீர்மானம் நிறைவேற்றும் அளவுக்குப் போனது. இந்தியாவில் இணையப் பெயர் ஒன்றைப் பதிந்த சில நாட்களில் 'தேடுபொறிப் பதிவு காலாவதியாகிறது' என்று வரும் மின்னஞ்சல் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. தேடுபொறியில் இடம்பெறுவதற்குப் பதிவுக் கட்டணம் என்று ஒன்று கிடையாது. அந்த மின்னஞ்சலை அழித்துவிடலாம்.

முதல் முறை சேர்பவர் ஆண்டுத் திட்டத்தைத் தவிர்த்து, மூன்று மாதத் திட்டத்தை ஜூன் தொடக்கத்தில் எடுப்பது நல்லது. மே மாதத்தில் எடுத்தால் பருவத்தின் கூட்டத்தை அடைவின் சாதனையாக எண்ணிக்கொள்ள நேரும். ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலான மூன்று மாதங்களில் தனி எண்ணில் வந்து, வீட்டின் பெயரை முன்பின் அறியாதவர்கள் செய்த முன்பதிவுகள் எத்தனை என்று நோட்டில் பார்த்தால், செப்டம்பரில் பிரதிநிதி மறுபடி அழைக்கும்போது சொல்ல வேண்டிய பதில் அதிலேயே இருக்கும்.